மக்காச்சோளம் விளைந்த சீனர் தெரு

தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஊர் உரக் கிடங்கு என்றே நினைப்பீர்கள். புல்வெளி நடுவே, நெளி தகரம் அடித்த கட்டடம். கிட்டே போனால்தான் தெரிகிறது, அது கோயில். 1903-இல் சீனர்கள் கட்டிய ஹௌ வாங் கோயில்.

இடம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் உள்ள அதர்ட்டன். கெய்ன்ஸ் நகரிலிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் ஏற வேண்டும். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்றாள். வயல்களைக் காட்டு என்றேன். எரிமலைக் குழம்பு மக்கி உருவான ஆழமான செம்மண். கையில் எடுத்தால் விரலில் குங்குமம் போல ஒட்டுகிறது. மழைக்கும் குறைவில்லை. இப்படி ஒரு மண்ணை யார் முதலில் பயிருக்குக் கொண்டுவந்தார்கள் என்று விசாரித்ததில்தான் இந்தக் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம்.

கோயிலின் உள்வேலை எல்லாம் சிவப்பு நிற மரம். தொட்டுப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது: நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சந்தன வேம்புதான். செதுக்கு வேலைப்பாடுகள் சீனாவிலிருந்து கப்பலில் வந்தவை. கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் சுமார் 1,000 பேர் வாழ்ந்த தெரு இருந்தது. மளிகைக்கடை, நாட்டு வைத்தியர், சூதாட்ட வீடு எல்லாம் உண்டு. இப்போது புல்தான். அகழ்ந்து எடுத்த ஜாடி, சோற்றுக் கிண்ணம் போன்றவற்றைப் பக்கத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இவர்கள் இங்கே வந்தது விவசாயத்துக்காக அல்ல. 1873-இல் வடக்கே பாமர் ஆற்றில் தங்கம் கிடைத்தது. தென்சீனாவின் குவாங்டாங் பகுதிக் கிராமத்தார் கடன் வாங்கிக் கப்பல் ஏறினார்கள். 1877 வாக்கில் அந்த ஆற்றங்கரையில் சுமார் 17,000 சீனர்கள். அந்த ஆண்டே அரசு, வந்து இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுன் தலைவரி போட்டது. அடுத்த ஆண்டு, புதிதாகக் கண்டுபிடிக்கும் தங்க வயல்களில் மூன்று ஆண்டுகள் அவர்கள் நுழையக் கூடாது என்று சட்டம் வந்தது. தங்கமும் குறைந்தது. அப்படித்தான் ஒரு கூட்டம் அதர்ட்டன் மேட்டுநிலத்துக்கு வந்தது.

அப்போது அது அடர்ந்த மழைக்காடு, ஆதிகுடிகளின் பூமி. அரசிடம் நிலம் எடுத்திருந்த வெள்ளையர்கள், காட்டைச் சீனர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். மரத்தை வெட்டிக் காயவிட்டு, எரித்து, அடிக்கட்டைகளுக்கு இடையே மண்வெட்டியால் கொத்தி மக்காச்சோளம் போடுவது சீனர் வேலை. ஏர் ஓட்ட வழியில்லை, வேர் விடாது. காடு திருத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் மூன்று வருட உழைப்பில் பாதி அடிக்கட்டையோடு மல்லுக்கட்டுவதில் போகும். அந்தப் பகுதியின் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு இவர்கள் கையில்தான் விளைந்தது.

நிலம் மட்டும் கைக்கு வரவில்லை. குடியுரிமை இல்லாதவருக்குச் சொந்த நிலம் கிடையாது. 1912-இல் இன்னொரு சட்டம்: 5 ஏக்கருக்கு மேல் குத்தகைக்கு வேண்டுமானால், அதிகாரி சொல்லும் மொழியில், வாசிக்கக் கேட்டு எழுதிக் காட்ட வேண்டும். பயிர் செய்யத் தெரியுமா என்று கேட்கவில்லை, பாருங்கள்! முதல் உலகப் போர் முடிந்ததும், போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கொடுக்க நிலம் தேவைப்பட்டது. சீனர்கள் திருத்தி வைத்திருந்த வயல்கள் அவர்களுக்குப் போயின. தெருவும் மெல்லக் காலியானது.

குத்தகை நிலத்தில் கிணறு வெட்டலாமா, மேடு திருத்தலாமா என்று நம் கேள்வி-பதில் பகுதியில் அடிக்கடி கேட்கிறீர்கள். போட்ட பணத்துக்கும் உழைப்புக்கும் என்ன ஈடு என்பதை எழுத்தில் வாங்காமல் கடப்பாரையைத் தொடாதீர்கள் என்பதுதான் நான் எப்போதும் சொல்லும் பதில். அந்தப் புல்வெளியில் நின்றபோது அது இன்னும் உறுதியானது.

கோயில் இப்போது தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. ஊரைச் சுற்றி இன்றும் மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, நிலக்கடலை விளைகிறது. பக்கத்து ஊரான டோல்கா கடலைக்குப் பேர்போனது. அவித்ததும் கிடைக்கிறது, வறுத்ததும் கிடைக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை விடாது.