கிழக்குக் கடற்கரையில் ஒரு முகூர்த்தம்

நம் பக்கத்துக் கடலில் சூரியன் உதிக்கும், மறையாது. இதைச் சொன்னதும் அக்கா மகளின் முகம் வாடிவிட்டது. கைப்பேசியில் அவள் சேர்த்துவைத்திருந்த கல்யாணப் படங்கள் அத்தனையிலும் மணமக்களுக்குப் பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் கோவாவில் எடுத்தவை. "அப்ப ஈசிஆர்ல சன்செட்டே கிடையாதா மாமா?" என்றாள். ஏன் இல்லை, பக்கிங்காம் கால்வாய்ப் பக்கம் திரும்பி நின்றால் உண்டு.

2022 ஜூனில் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும் மாமல்லபுரத்துக் கடலோர விடுதியில் மணம் செய்துகொண்டதிலிருந்தே எங்கள் வீட்டுக்குள்ளும் கடற்கரைக் கல்யாண ஆசை நுழைந்துவிட்டது. ஆசையில் குறை ஒன்றும் இல்லை. அகநானூற்றில் நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாட்டே ஒரு கல்யாணப் பாட்டுதான். வரிசையாகக் கால் நட்டுப் பந்தல் போட்டு, மணல் கொண்டுவந்து பரப்பி, விளக்கேற்றி, விடியலில் நடக்கிற கல்யாணம். ஆனால் அது கொண்டுவந்து கொட்டிய மணல், சொன்ன இடத்தில் கிடக்கும். கடற்கரை மணல் அப்படிக் கிடக்காது.

நாங்கள் பேசிவைத்த கடலோர விடுதிக்குப் பந்தல்காரர் இடத்தைப் பார்க்க வந்தார். ஒரு சவுக்குக் கழியை மணலில் இறக்கி ஆட்டிக் காட்டினார். "அடியில மணல் மூட்டை கட்டித்தான் நிறுத்தணும் சார். மேல துணியை முழுசா மூடாதீங்க, பாய்மரம் மாதிரி தூக்கிடும்." நாற்காலிக் கால்கள் புதையும் என்பதால் கீழே பலகை அடித்து, மேலே தென்னைநார் விரிப்பு போட வேண்டும், விடுதி வாசலிலிருந்து மேடை வரைக்கும் அதே பலகை. என் அம்மாவின் முழங்காலுக்காகத்தான் இந்தச் செலவு என்று மாப்பிள்ளை வீட்டார் முதலில் முணுமுணுத்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வந்த அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் வேனிலிருந்து ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக இறங்கியதும் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று.

புரோகிதர் கேட்டது ஒன்றுதான்: அக்னிக்கு மறைப்பு உண்டா? காற்றுக்குப் பயந்தவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சி இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். தீயும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம். இதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

சமையல் மாஸ்டர்தான் கறார். "தாலியை எங்க வேணா கட்டுங்க, அடுப்பு மட்டும் மணல்ல வேணாம். கல்யாணச் சோத்துல மண்ணு விழலாமா?" பந்தி விடுதி ஹாலில் என்று அங்கேயே முடிவாயிற்று. இலை பறக்கிற இடத்தில் யாரும் ரசம் ஊற்ற முடியாது.

அடுத்தது மாதம். ஆடியும் மார்கழியும் நம் வழக்கத்தில் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் புயலும். ஆவணியில் சாயங்கால இடிமழை, சித்திரை வைகாசியில் வெயில். தையும் மாசியும்தான் தோது. நேரம் என்று பார்த்தால் விடிகாலை. அப்போது காற்று அசையாமல் இருக்கும், அல்லது கரையிலிருந்து கடலுக்கு மெல்லப் போகும். தரை சூடேறிய பிறகுதான் கடற்காற்று கிளம்பி, மாலையில் புடவையையும் மைக்கையும் பதம் பார்க்கும். தையில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழுகிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்கிற 2000ஆம் ஆண்டு விதிக்கும் அந்த முகூர்த்தம் பழுதில்லை. பாட்டிமார் குறித்த நேரம்தான் இது. ஆனால் பெண் இறங்கிவந்தது என் விளக்கத்துக்காக அல்ல. "காலை லைட் சூப்பரா இருக்கும்" என்று போட்டோகிராபர் சொன்னதற்காக.

நாள் பார்க்கிறவர் வளர்பிறை பார்ப்பார். பௌர்ணமியை நெருங்க நெருங்கக் கடலும் ஏறும். பக்கத்துக் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து காலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். "பௌர்ணமிக்குத் தண்ணி இதுவரைக்கும் வரும். இந்தாண்டயே கொட்டாய் போடுங்க." விடுதி மேலாளர் வரைபடம் போட்டுக் காட்டிய இடம் அந்தக் கோட்டுக்குக் கடல் பக்கம் இருந்தது. 'பிரைவேட் பீச்' என்பது விளம்பரத்தில் மட்டுமே உள்ள இடம். அந்த மணலில் யாருக்கும் பட்டா இல்லை. பொதுமக்கள் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது என்பதும் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. படகு இறக்கும் வழியில் பூ வளைவை நிறுத்திவிட்டு மீனவர்கள் குறுக்கே வருகிறார்கள் என்று கோபிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இதே தை, மாசி மாதங்களில் பங்குனி ஆமையும் கரையேறும். இரவில் வந்து, மணலில் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். ஒன்றரை மாதம் கழித்துப் பொரிந்து வரும் குஞ்சு, வெளிச்சம் தெரிகிற பக்கம் நடக்கும். இருட்டுக் கரையில் அது கடலாகத்தான் இருக்கும். நம் வரவேற்பு மேடையின் ஃபோகஸ் லைட் எரிந்தால் குஞ்சு சாலையைப் பார்த்துப் போய்ச் சாகும். சென்னையில் 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு இரவிரவாக நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்த்துவருகிறது. ஆனாலும் எல்லாக் குழியும் கண்ணில் படுவதில்லை.

தை முதல் பங்குனி வரை கடலோரத்தில் தேதி குறித்திருப்பவர்கள் தாலி கட்டுவதைக் காலையில் மணலில் வையுங்கள். வரவேற்பை ஹாலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுக்கும்போதே பந்தல்காரரிடம் சொல்லிவிடுங்கள்: கடல் பக்கம் ஒரு விளக்கும் வேண்டாம், வெடியும் வேண்டாம்.