சோறு கிடைக்கும் இடம் குறிக்காத வரைபடம்

அக்கா பையன் ஓர் அட்லஸ் வாங்கியிருக்கிறான். இல்லாத உலகத்துக்கு. கெட்டி அட்டை, வழவழ தாள், விலையைக் கேட்டால் சோமனூர்ச் சந்தையில் ஒரு மாதத்துக்குக் காய்கறி வாங்கலாம். பக்கத்துக்குப் பக்கம் மலை, கோட்டை, கடலில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு பூதம். ஞாயிற்றுக்கிழமையானால் சரவணம்பட்டியில் ஒரு நண்பன் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவன் கதையை நடத்துகிறான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு இருபது முகப் பகடையை உருட்டி அதற்குள் அலைகிறார்கள். வளர்ந்த பிள்ளைகள், கை நிறையச் சம்பளம், ஒரு துளி வெட்கம் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அட்லஸைப் புரட்டிவிட்டு, "இந்தக் கோட்டையில இருந்து அந்தக் கோட்டைக்குப் போறவன் மத்தியானம் எங்க சாப்பிடுவான்?" என்று கேட்டேன். "அதைத்தானுங்க மாமா ஆடறவங்களும் கேப்பாங்க. புத்தகத்துல இருக்காது, நாந்தான் சொல்லோணும்" என்றான். இத்தனை காசு கொடுத்து வாங்கியதில் அது இல்லையா என்று ஆரம்பித்த யோசனைதான் இது.

அவர்கள் ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து பெட்டியில் அடைபட்டு வந்தது. காட்டுவழிப் பயணத்துக்கு அந்தப் பெட்டியில் வரைபடம் கிடையாது. வேறொரு கம்பெனி விற்ற 'அவுட்டோர் சர்வைவல்' என்ற விளையாட்டை வாங்கி அதன் பலகையை வைத்துக்கொள்ளுங்கள் என்று விதிப்புத்தகமே சொன்னது. காட்டில் வழி தவறியவர்கள் பசியும் தாகமும் தாங்கி வெளியே வரும் விளையாட்டு அது. ஆகவே இந்த வகையறாவின் ஆதி நிலப்படத்தில் எங்கே தண்ணீர், எங்கே இரை என்பதுதான் முதல் கேள்வி. பூதத்தை வரைந்து அழகு பார்த்ததெல்லாம் பிறகு.

இந்தத் துறையில் நான் மரியாதை வைத்திருக்கும் ஒரே ஆள் கேரன் வின் ஃபான்ஸ்டாட். அந்த அம்மாவும் விஸ்கான்சின்தான், முறையாகப் படித்த நிலப்பட வரைவாளர். 1981-இல் டோல்கீனின் கதையுலகத்துக்கு ஓர் அட்லஸ் போட்டார். கதைமாந்தர் எந்தத் தேதியில் எந்த இடத்தில் படுத்து எழுந்தார்கள், ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடந்திருக்க முடியும் என்று கணக்குப் பார்த்துக் கோடு இழுத்திருக்கிறார். 1990-இல் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற விளையாட்டு உலகத்துக்கும் அவரே வரைந்தார். நடந்து பார்த்த மாதிரி வரைகிறவர்கள் அபூர்வம்.

அவர் பாணியில் எங்கள் ஊர் கருமத்தம்பட்டிக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். 1846 அக்டோபரில் மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுக்காரர் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெறுகிறார். பத்து வருஷம் கழித்து லியோன் நகரத்தில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு மறைப்பணிச் சபை தொடங்குகிறார். 1859 ஜூனில் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் காய்ச்சல் கண்டு இறந்துபோகிறார். கருமத்தம்பட்டி, லியோன், ஃப்ரீடவுன். இப்படி ஒரு கோட்டைக் கற்பனை அட்லஸில் போட்டால் நம்பும்படியாக இல்லை என்பான் மருமகன்.

இல்லாத நாட்டுக்கு நாமும் பட்டியல் போட்டவர்கள்தான். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், பஃறுளி, குமரி ஆறுகளுக்கு இடையில் கடல் கொண்ட 49 நாடுகளை ஏழேழாகப் பெயர் சொல்கிறார். ஏழ்தெங்க நாடு, ஏழ்குன்ற நாடு, ஏழ்முன்பாலை நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று போகிறது. வாசித்தாலே பகடையை எடுக்கத் தோன்றும். ஆனால் குறும்பனை நாட்டுக்காரன் என்ன தின்றான், ஊருக்குள் புதிதாக வருகிறவனை யார் மறிப்பார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. பின்னால் வந்தவர்கள் அதை வைத்து வண்ண வண்ணமாகக் குமரிக்கண்டப் படங்கள் போட்டார்கள். எல்லாம் மலையும் ஆறும் பெயரும்தான். சுவரில் மாட்டலாம், உள்ளே போய் நடக்க முடியாது.

நடப்பதற்கென்றே எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. மலைபடுகடாம். பத்துப்பாட்டில் கடைசி, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். தமிழ் வாத்தியார்கள் இதை உவமைக்கும் யாழ் வருணனைக்கும் பாடம் நடத்தியே ஒழித்துவிட்டார்கள். மருமகனின் மேசையில் வைத்துப் பார்த்தால் இது வேறு புத்தகம்.

முதலில் மூட்டை. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல் என்று கூத்தர்கள் பையில் போட்டுக் கட்டியிருக்கும் கருவிகளின் கணக்கு. மருமகன் கூட்டத்தார் ஆட்டம் தொடங்குமுன் கயிறு, தீப்பந்தம், வாள் என்று தாளில் எழுதிக்கொள்கிறார்களே, அதே வேலை. அடுத்து, நன்னன் என்ற அரசனிடம் பரிசில் வாங்கித் திரும்புகிற ஒருவன் எதிரே வந்து, இன்னின்னதைச் சொல்லப்போகிறேன் என்று உள்ளடக்கம் தருகிறான். வழி, தங்குமிடம், மலை, சேயாறு, நன்னனின் ஊர், அவன் குணம்.

பிறகு ஆபத்துகள் வரிசையாக வருகின்றன. இரவில் கிளம்பாதே, விடிந்த பின் போ. பன்றிக்கு வைத்த கல்பொறி வழியில் இருக்கும். குழியில் பாம்பு கிடக்கும், அடையாளம் வைத்துக்கொண்டு கடந்துவிடு. தினைப்புனத்துக் காவல்காரன் யானையை விரட்ட எறியும் கவண்கல் மரக்கிளைகளில் மோதிக்கொண்டு வரும், மரத்தின் மறைவில் ஒதுங்கு. வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொள். வேடிக்கை பார்த்துக்கொண்டே நடக்காதே. வழி தப்பினால் வாத்தியத்தை வாசி, சத்தம் கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவார்கள். பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ.

சாப்பாடும் விட்டுப்போகவில்லை. மலைக் குடியிருப்பில் நன்னனின் கூத்தர் என்று சொல்லிச் சொந்த வீடு போல் நுழைந்தால் தினைச்சோறும் இறைச்சியும். இன்னொரு இடத்தில் அவரையும் மூங்கில் அரிசியும் சேர்ந்த புளிங்கூழ். ஆட்டிடையர் கிடையில் ராத்தங்கினால் சமைக்காமலே பால். வயல்வெளிக்கு இறங்கினால் வாளையும் வராலும் சோறும். காவல்காரன் முதல் அரசன் வரை யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறது. கதையை நடத்துகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வாசித்துக் காட்டினேன். "மாமா, இது மாட்யூல்ங்க!" என்றான். ஆடுவதற்கென்றே தயாராக எழுதிவைத்த கதைக்கு அப்படிப் பெயராம். அவன் பாஷையில் பெரிய பாராட்டு போலிருக்கிறது.

அதன்பின் அவன் வாயை மூட முடியவில்லை. ஊரை ஒட்டியே ஒரு சந்திப்புப் பட்டியல் போட வேண்டுமாம். பகடை விழும் எண்ணுக்கு ஒரு சம்பவம். போட்டோம், சிரமமே இல்லை. எங்கள் ஊர் நான்கு ரோட்டிலிருந்து கிழக்கே போனால் அவிநாசி. அங்கே முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பல வருஷம் கழித்து, அந்த வயசுக்குரிய வளர்ச்சியோடு, மீட்டுக் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் தள்ளித் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னை வேடர் வேடத்தில் பூதகணங்கள் வழிப்பறி செய்தது அங்கேதான். பாடித்தான் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. வடக்கே கௌசிகா நதி. படத்தில் நீலக் கோடு, இறங்கினால் பெரும்பாலும் மணல். இதுவும் பட்டியலில் ஒரு எண், தண்ணீர் இல்லாமல் திரும்புக.

படமே இல்லாமலும் இது நடக்கும் என்பதற்குக் கொங்குநாட்டுக்கு வெளியே போக வேண்டியதில்லை. உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடிய அண்ணன்மார் கதைக்கு யாரும் வரைபடம் விரித்ததில்லை. பொன்னரும் சங்கரும் வளநாட்டிலிருந்து எந்தப் பக்கம் போகிறார்கள், கொம்பன் பன்றி எந்தக் காட்டிலிருந்து வரும் என்று கேட்கிறவர்களுக்கே தெரியும். கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் அம்மையார் 1965-இல் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து, நூலாக்கி, பிறகு 26 பகுதிக் கார்ட்டூனாகவும் ஆக்கினார். மணப்பாறை பக்கத்து வீரப்பூரில் அந்தக் கதையின் படுகளச் சடங்கு நடக்கிறபோது ஆட்கள் செத்தவர்களாகத் தரையில் விழுந்து கிடப்பார்கள், தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். வேடம் ஏற்பதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? மருமகன் கூட்டத்தில் பாத்திரம் செத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பரோட்டா வாங்கப் போகிறார்கள்.

கெட்டி அட்டை அட்லஸை விற்றுவிடு என்று நான் சொல்லவில்லை. படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோவையிலோ திருப்பூரிலோ இந்த விளையாட்டு ஆடுகிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சா. 1889-இல் அச்சில் கொண்டுவந்துவிட்டார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பகடை உங்களிடம் இருக்கிறது.