ஆத்தோரக் காணிக்கு அட்வான்ஸ் குடுக்க முதல்...



கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் காணி தேடுகிறவர்களும், குமர்ப் பிள்ளைக்கு வீடு கட்ட யோசிக்கிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

இந்த வருடம் மட்டும் நாலைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சேர், ஆத்தோரமா ஒரு துண்டு வருது, எடுக்கலாமா?" நான் காணித் தரகரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. புவியியல் படிப்பிக்கிற வாத்தியார். ஆனால் கட்டாரில் இருக்கிற என் மச்சானுக்காக அப்படி ஒரு காணியை அலைந்து பார்த்தவன். அதில் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்வோம். ஆத்தோரத்துக்கு நாம் ஆசையில் மட்டும் போகவில்லை. கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். எங்கள் உம்மாவுக்குக் கிடைத்தது ஒரு ரூட் வளவு, அதாவது 40 பேர்ச். தாத்தாவுக்கு அதில் பாதி, 20 பேர்ச். தாத்தாவின் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பிரித்தால் ஆளுக்குப் பத்து. அதற்குப் பிறகு பிரிக்க என்ன இருக்கிறது? சனம் கூடுகிறது, ஊர் அகலவில்லை. மிச்சமாகத் தெரிவது வாவிக் கரை மட்டும்தான்.

பாலமும் ஒரு காரணம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியில் போன காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2010இல் ஸ்பெயின் நாட்டு உதவியோடு புதிய பாலம் திறந்தது. வாகனம் கூடியது, கடை கூடியது, காணி விலையும் கூடியது. வீதியோரத்தில் வாங்க முடியாதவர்கள் உள்ளே உள்ளே தள்ளிப்போய்க் கடைசியில் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டோம்.

மச்சானுக்குச் சொன்ன காணி பத்து பேர்ச். கிரவல் போட்டு மட்டம் பண்ணி, நாலு மூலைக்கும் கல் நட்டு அழகாக வைத்திருந்தார்கள். விலை வீதியோரக் காணியின் பாதிக்கும் குறைவு. நான் போனது ஓகஸ்ட் மாதம். நல்ல காற்று. வீடியோ எடுத்து அனுப்பினேன். மச்சானுக்குப் பெரிய சந்தோசம். "மகள் மாடியில இருந்து ஆத்தப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பாள் மச்சான்" என்றார். பதினாலு வருட வெயில் உழைப்பு அந்த வார்த்தையில் இருந்தது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காணியைப் பற்றிக் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "மாரியில இதுக்கு மேலால நான் தோணி ஓட்டியிருக்கன் மகன்."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வடகீழ்ப் பருவமழை நவம்பரில் பலத்தால் வாவி அகலும், ஜனவரிக்குப் பிறகு ஒடுங்கும். நம் ஊரில் பெய்கிற மழை மட்டும் இல்லை. மாதுறு ஓயா கொண்டுவரும் தண்ணீரும் கடலுக்குப் போகும் வழியில் இங்கேதான் வருகிறது. கடல்வாய் அவ்வளவையும் உடனே விழுங்காது. அதுவரைக்கும் தண்ணீர் பரந்து நிற்க ஓர் இடம் வேண்டும். நாம் "சும்மா கிடக்கிற நிலம்" என்று சொல்வது அந்த இடத்தைத்தான். 2011 ஜனவரி வெள்ளத்தில் நம் மட்டக்களப்பு மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"அதுதானே சேர், உயர்த்தி மண் போடுறம்" என்பார்கள். சரி, கணக்குப் பார்ப்போம். இதை வகுப்புப் பிள்ளைகளை வைத்தே செய்வித்தேன். ஒரு பேர்ச் 272 சதுர அடியும் கொஞ்சமும். பத்து பேர்ச் 2,722 சதுர அடி. மூன்றடி உயர்த்தினால் ஏறக்குறைய 8,167 கன அடி, அதாவது 82 கியூப். மூன்று கியூப் டிப்பரில் 27 லோட். செலவை விடுங்கள். மூன்றடி வெள்ளம் நிற்கிற இடத்தில் அந்த மண் பிடித்துக்கொள்ளும் இடம், 1,000 லீட்டர் டாங்கி 231 கொள்ளும் தண்ணீருக்குரிய இடம். நம் வளவுக்குள் வராத அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஒரு பிள்ளை கையை உயர்த்திச் சொன்னது: "பக்கத்து வீட்டுக்கு, சேர்." அந்தப் பிள்ளையின் வீடு கரைப் பக்கம்தான். ஒவ்வொரு மாரியிலும் அதன் வரவு குறைகிறது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் புத்தகத்தைத் தூக்கி வைப்பதா, தம்பியைத் தூக்கி வைப்பதா?

பத்துப் பேர் இப்படி நிரப்பினால் 2,310 டாங்கி. அயலவர் உரிமை பற்றி ஜும்ஆவில் கேட்டு அழுகிற நாம் இந்தக் கணக்கையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது பத்திரம். இதில்தான் வெளிநாட்டுச் சகோதரர்களின் காசு அதிகம் மாட்டுகிறது. காணியைப் பற்றி மூன்று விசயம் விசாரியுங்கள்.

ஒன்று, அது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. சத்தியக்கடதாசியில் எழுதி வாங்கினால் கையில் இருப்பது கடதாசி, காணி இல்லை. காணி விற்பனை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இரண்டு, அது ஒதுக்குக் காணியா? ஆறு, வாவிக் கரைகளில் அரசுக்கு ஒதுக்கு உண்டு. "இருபது வருசமா நாங்கதான் ஆளுறம்" என்ற பேச்சு அரச காணிக்குச் செல்லாது. பத்து வருட ஆட்சியுரிமை தனியார் காணிக்கு மட்டும்தான். கழிமுகத்துக்குக் கிட்டிய இடம் என்றால் கரையோரம் பேணல் சட்டமும் வரும். 2011 திருத்தத்துக்குப் பிறகு கடலோடு தொடுக்கும் வாவியின் கரையில் 100 மீற்றர் வரை அதற்குள் அடங்கலாம். உங்கள் துண்டு எதற்குள் வருகிறது என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப் பதில் வேண்டாம்.

மூன்று, முன்பு அது வயலா? 2000ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயலை நிரப்ப அனுமதி வேண்டும்.

இதெல்லாம் நம் ஊரின் கதை மட்டும் இல்லை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் நம்மவர்கள் வீட்டுக் கூரையில் நின்றதை டீவியில் பார்த்தோம். இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் சிலிவுங் ஆற்றங்கரையில் கம்போங் புலோ என்று ஒரு குடியிருப்பு. பரம்பரையாக இருந்த சனம், திரும்பத் திரும்ப வெள்ளம். 2015 ஓகஸ்டில் ஆற்றை அகலப்படுத்த வேண்டும் என்று அரசாங்கம் வீடுகளை உடைத்தது. பலர் வாடகை மாடிக் குடியிருப்புக்குப் போனார்கள். கையில் சரியான பத்திரம் இல்லாதவர்களுக்கு நட்டஈடும் இல்லை. ஆத்தோரத்தில் ஒரு பக்கம் தண்ணீர் கேட்கும், மறு பக்கம் அரசாங்கம் கேட்கும். நடுவில் நிற்பது நம் உழைப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி வேண்டும் என்பார்கள். பத்து பேர்ச்சில் அதை எப்படியோ சமாளித்தாலும் பக்கத்து வளவுக் குழி எங்கே இருக்கிறது? கரையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில். மாரியில் குழியும் கிணறும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

எல்லாவற்றையும் மச்சானிடம் சொன்னேன். இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. தாத்தாவும் "நீ படிச்ச கதையெல்லாம் என்ட புள்ளைக்கு வீடாகுமா தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு தரம் போய்ப் பேசினோம். கடைசியில் தாத்தாவின் வீட்டுக்கு மேலேயே மாடி எடுத்து, வெளியால் தனிப் படி வைத்தோம். மருமகள் இப்போது அங்கேதான். ஆறு தெரியாது. மழை இரவில் நித்திரை வரும்.

ஏற்கெனவே கரையில் குடியிருக்கிற ஏழைச் சனத்தை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வளவு முழுக்க மண் நிரப்பாமல் தூண் எழுப்பிக் கட்டுங்கள், தண்ணீர் கீழால் போகட்டும். வடிகானை மறித்து மதில் கட்டாதீர்கள். கண்டல் மரத்தை வெட்டாதீர்கள். கரை அரிக்காமல் பிடித்து நிற்பதும், இறால் குஞ்சுக்கு இடம் கொடுப்பதும் அதுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: காணியை ஓகஸ்டில் பார்த்தால் டிசம்பரிலும் ஒரு தரம் பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாது என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

ஊர்ப் பெரியவர்களிடமும் பள்ளிவாசல் நிருவாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். 2011இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெரிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களை அழைத்துப் போய், கரையோரப் பாடசாலை மதிலிலும் மின் கம்பங்களிலும் அந்த மட்டத்துக்கு ஒரு நீலக் கோடு போட்டு வருடத்தை எழுதி வைப்போம். ஒரு டின் பெயின்ட் செலவுதான். அது நான் தருகிறேன். பிள்ளைகளையும் கூட்டி வருகிறேன், இன்ஷா அல்லாஹ்.