அலமாரியில் இருக்கும் படங்கள்

34 ரூபாய்க்கு ஒரு படம் நம் வீட்டுக்கே சொந்தமாக வரும் என்று 2007-க்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். அந்த ஆண்டுதான் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்பி ஸ்டாண்டில் தொங்கும். சீயக்காய்த் தூளோடு ஒரு சிவாஜி படமும் பையில் விழும்.

அதற்கு முந்தைய விசிடிகளில் ஒரு தட்டுக்கு 74 நிமிடம், மிஞ்சினால் 80. பழைய படம் என்றால் மூன்று தட்டு வேண்டியிருக்கும். படம் சிக்கிக் கட்டம் கட்டமாக உடைந்தால் அப்பா தட்டை வெளியே எடுத்து வேட்டி முனையால் துடைப்பார். நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான் துடைக்க வேண்டும், சுற்றித் துடைத்தால் கெட்டது என்பார். காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. குறுக்கே விழும் கீறலைப் பிளேயர் சமாளித்துவிடும். சுற்றுவாக்கில் விழுந்த கீறல் தொடர்ச்சியாகத் தகவலை அழித்துவிடும்.

அதற்கும் முன்னால் வீடியோ கேசட் டெக். காதுகுத்து, சடங்கு என்றால் ஒரு ராத்திரிக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். விடிய விடிய மூன்று படம். காலையில் கேசட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்றைய ஓடிடி சந்தாவையும் என் மனம் அந்த வாடகைக் கணக்கில்தான் வைக்கிறது.

பார்வை மங்கிய பிறகு அப்பாவுக்குப் படம் என்பது வசனம்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார். நாங்கள் சந்தா கட்டிய தளத்தில் அது இருந்தது. ஒருநாள் தேடினால் காணோம். உரிமக் காலம் முடிந்திருக்கும். "போன வாரம்கூட இருந்துச்சேம்மா" என்று தங்கையிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பரணிலிருந்த பெட்டியைக் கிளறி அந்தப் படத்தின் டிவிடியைத் தேடி எடுத்தாள்.

'அன்னபூரணி' படம் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பரில் திரைக்கு வந்து, அந்த மாதக் கடைசியிலேயே நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2024 ஜனவரியில் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். படம் நல்லதா இல்லையா என்பது வேறு பேச்சு. தட்டாக விற்றிருந்தால் வாங்கியவர் வீட்டிலிருந்து அதை எடுத்துப் போயிருக்க முடியாது. இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கும் படத்துக்கும் இதே கதிதான்; நமக்குக் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டும். அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட்டு, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஓடிடியை நான் வெறுக்கவில்லை. ஊரடங்கு நாட்களில் எங்கள் தெருவே மலையாளப் படம் பார்க்கக் கற்றுக்கொண்டது அதனால்தான். எந்தக் கடையும் எங்கள் ஊருக்கு அந்தப் படங்களைக் கொண்டுவந்திருக்காது. ஊரடங்குக்கு முன்பே, 2015 மார்ச்சில், இயக்குநர் சேரன் 'ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை'யை 50 ரூபாய் டிவிடியாக நேரே வீடுகளுக்கு அனுப்பிப் பார்த்தார். அந்த வழி நிலைக்கவில்லை. மோசர் பேரும் 2018-இல் கலைப்புக்குப் போனது. ஆனாலும் படத்தின் தரத்தைக் கேட்டால் ப்ளூரே தட்டுதான் மேல். அதில் காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை ஓடும். 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட்தான். இருட்டுக் காட்சிகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் எனக்குத் தரத்தைவிடப் பெரிய கவலை பிரதிகள் பற்றியது. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. சத்யஜித் ராயின் அப்பு படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் ஒரு லேப் தீப்பிடித்தபோது கருகின. மிஞ்சியதோடு வேறு இடங்களில் இருந்த பிரதிகளையும் சேர்த்துத்தான் 2015-இல் அவற்றை மீட்டார்கள். டிவிடி ஃபிலிமுக்கு ஈடாகாது. ஆனாலும் பல வீடுகளில் சிதறிக் கிடக்கும் படம் லேசில் தொலையாது.

ஒருமுறை பார்த்து மறக்கும் படத்துக்கு ஓடிடி போதும். திரும்பத் திரும்பத் தேடும் படம் தட்டாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். பரணில் பழைய தமிழ் டிவிடிகள் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். லேப்டாப்பில் செருகும் டிவிடி டிரைவ் இன்னும் கடைகளில் கிடைக்கிறது.