மோகனூர்க்காரர் ஏறிய படிகள்

பெருநிறுவனத் தலைவர்களின் வாழ்க்கையைக் காப்பிய நாயகர் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம்: எளிய பிறப்பு, அரிய உழைப்பு, இறுதியில் முடிசூட்டு. டி.சி.எஸ். நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக விளங்கிய நடராஜன் சந்திரசேகரனின் கதையும் அவ்வாறே சொல்லப்படுகிறது. பரளச்சி வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நமக்கோ, நாயகரைக் காட்டிலும் அவர் ஏறிய படிகளே கருத்தில் நிற்கின்றன.

1963இல் பிறந்த அவர், இன்றைய நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். கோவைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயன்பாட்டு அறிவியலில் பட்டம் பெற்றார். ஊர் திரும்பித் தந்தையோடு சில மாதங்கள் வேளாண்மை பார்த்தார். அது தம் வழியன்று எனத் தெளிந்து, திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் கணினிப் பயன்பாட்டியல் முதுநிலைப் படிப்பை 1986இல் முடித்தார். 1987இல் டி.சி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்தார். 22 ஆண்டுகள் அதே நிறுவனத்தில் படிப்படியாக உயர்ந்து, 2009 அக்டோபரில் எஸ். ராமதுரைக்குப் பின் தலைமைப் பொறுப்பேற்றார். அப்போது வயது 46. 2017 பிப்ரவரியில் டாடா சன்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். பார்சி சமூகத்தைச் சாராதவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதன்முறை.

இதில் அவருடைய உழைப்பை யாரும் குறைத்துப் பேச இயலாது. ஆயினும் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் கல்லூரி, அரசு நடத்திய பொறியியல் கல்லூரி என மூன்று படிகளும் பொதுப்பணத்தில் கட்டப்பட்டவை. நான்காவது படியாகிய மென்பொருள் தொழிலும் அவர் நுழைந்த காலத்தில்தான் வளரத் தொடங்கியிருந்தது. வளரும் தொழிலில் உள்ளிருப்பவருக்கு மேலே இடம் இருந்துகொண்டே இருக்கும்.

இக்கதையை அப்படியே நம் மாணவர் முன் வைப்பதும் நேர்மையாகாது. மோகனூர் காவிரிக் கரை; பரளச்சி வானம் பார்த்த பூமி. அவருடைய தந்தை சட்டம் படித்தவர். இங்கே பல வீடுகளில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையே. வீட்டில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். இல்லையேல் அருப்புக்கோட்டை மில்லுக்குப் போவார்கள். அவர் வேளாண்மையைச் செய்துபார்த்து விலகினார். நம் பிள்ளைகளை மழையே விலக்கிவிடுகிறது.

வேலைக்கான நேர்காணலில் விடை தெரிந்தும் ஆங்கிலத்தில் சொல்ல இயலாமல் தலைகுனியும் மாணவரை ஆண்டுதோறும் காண்கிறோம். தமிழ்வழியில் படித்ததே குற்றம் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அதைக் கண்ட பெற்றோர், ஆங்கிலம் பேசத் தெரிந்த ஆசிரியரே இல்லாத ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள். அங்கே பிள்ளைக்கு ஆங்கிலமும் வாய்ப்பதில்லை. தமிழில் சிந்திக்கும் திறமும் நழுவிப்போகிறது.

மோகனூர்ப் பள்ளி அவருக்குப் பாடத்தைப் புரியும் மொழியில் தந்தது. ஆங்கிலம் பின்னர் கல்லூரியில் வந்து சேர்ந்தது. அந்த வரிசை முறையானதே என்பது நம் துணிபு. தமிழ்வழி மாணவரை முதலாண்டில் கைப்பிடித்து ஆங்கிலத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு கல்லூரிகளுடையது. தமிழாசிரியரும் அதில் பங்கேற்கலாம். தன் மொழியில் ஒரு கருத்தைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி எட்டாத தொலைவில் இல்லை.

பரளச்சியிலிருந்து ஒரு சந்திரசேகரன் வருவாரா என்று மேடைகளில் கேட்கிறோம். அதற்கு முன், அவர் கால் வைத்த முதல் படி இங்கே உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்போம்.