பச்சை நரகத்தில் 'டொக் டொக்'!

ஜெர்மனியில், காட்டுக்கு நடுவே நூர்பர்க்ரிங் ரேஸ் டிராக். 1927-ல் திறந்தது. அதன் பழைய வடக்குச் சுற்று மட்டுமே 20.8 கிலோமீட்டர்! ரேஸ் வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் வைத்த செல்லப்பெயர், 'பச்சை நரகம்'. பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில், காசு கட்டினால் யாரும் சொந்தக் காரை விரட்டலாம்.

இங்கேதான் ஸ்போர்ட்ஸ் காரின் வண்டவாளம் தெரியும். ஆயில் குறைவாக இருந்தால், வேகமாக வளையும்போது சாய்ந்த சாம்பார் வாளி மாதிரி ஒரே பக்கம் ஒதுங்கிவிடும். பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். பேரிங் காய்ந்து தேயும்.

இன்ஜின் மேலே 'டிக் டிக்' என்றால் பெரும்பாலும் வால்வு சமாசாரம். அடியில் 'டொக் டொக்' என்றால் பேரிங்! ஓரங்கட்டி உடனே ஆஃப் பண்ணிடணும். 'இந்த ரவுண்டை முடிச்சிடலாமே' என்றால், இன்ஜின் உடைந்து கொட்டும் ஆயிலில் வழுக்குவது பின்னால் வருகிறவர்.

டிக்கெட் வாங்கும் முன் சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கைப் பார்த்துடுங்க சார்!