துருவும் தாரும்

வந்தாறுமூலையில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் பல ஆண்டுகள் கிடந்த அப்பாவின் மொரிஸ் மைனரைப் பழுதுபார்க்க முடிவு செய்தபோது, உறவினர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது, "இரும்பு விலைக்குக் குடுத்திடுங்க" என்பதுதான். பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இல்லை என்றும் சிலர் பேசியிருக்கக்கூடும். அது உண்மையே.

1957இல் அப்பா அதனை வாங்கினார். அப்போது எனக்கு வயது ஏழு. அப்பா அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். அந்தச் சம்பளத்தில் கார் வாங்குவது எளிய செயல் அல்ல. அம்மாவின் நகைகளும் அதில் கரைந்தன.

இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் மினி காரை உருவாக்கியவரும் அவரே. 1948இல் மைனர் விற்பனைக்கு வருவதற்குச் சற்று முன், அதன் உடல் ஒடுங்கித் தெரிகிறதென்று நினைத்த அவர், மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை நாலு அங்குலம் விலக்கிப் பார்த்தாராம். முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நாலு அங்குலத்தின் தழும்பு. ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்ற பிரபலமான விளையாட்டுக் காருக்கும் ஸ்டியரிங் பொறிமுறை மைனரிடமிருந்துதான் போனது. ஆகவே எங்கள் வாத்தியார் வண்டியை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டியதில்லை.

இந்தக் காருக்குத் தனியான சட்டகம் கிடையாது. உடலே சட்டகம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளும், பின்வில்களைத் தாங்கும் இடங்களும் உக்கினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். வாவிக்காற்றும் மாரிமழையும் சேர்ந்த எங்கள் ஊரில் துருவுக்குக் குறைவில்லை. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தகரவேலைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்துக் காரின் உடலெங்கும் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். பல இடங்களில் அது பிடிக்காமல் விழுந்தது.

"ஐயா, இதில இரும்பு கொஞ்சம், பட்டி கூட. முன்னம் ஆரோ ஓட்டைய வெட்டி எடுக்காம மேலால பூசி விட்டிரிக்கான். முதல்ல எல்லாத்தையும் சுரண்டுவம், மறுகா கணக்குச் சொல்றன்" என்றார்.

நல்ல இரும்பு தெரியும்வரை துருவை வெட்டி எடுத்தார். புதுத் தகட்டை அளந்து, மடித்து, ஓரிடத்தில் தொடர்ந்து ஒட்டாமல் இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக ஒட்டினார். மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும் என்பதால் இந்த நிதானம். சக்கரங்களை மூடும் நான்கு தகடுகளும் ஆணியால் பூட்டப்பட்டவை; கழற்றி மாற்றலாம். முன்பக்கத்துக்குரிய ஒன்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தேன். இங்கிலாந்தில் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் கழித்து, 1990களில், இலங்கைத் தொழிலாளர் செய்த மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

கடைசியாகப் பின் இலக்கத் தகடு வந்தது. வாசகர்களுக்குச் சிறிய விளக்கம் தேவை. 1957இலிருந்து புதிய வாகனங்களின் இலக்கத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து கட்டாயமானது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்தது. 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்துக்குத் தார் பூசித் தமிழ் ஸ்ரீயை எழுதினார்கள். தெற்கில் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகள் தாரில் மறைந்தன. அவ்வாண்டு மே மாதம் இனக்கலவரம் வெடித்தது.

எங்கள் காருக்கும் தார் பூசப்பட்டது. "சந்தியில் மறித்து யாரோ பெடியன்கள் பூசிவிட்டார்கள்" என்றுதான் அப்பா சொன்னார். அரசாங்க ஊழியர் அல்லவா? சில வாரங்களில் தகட்டுக்குக் கறுப்பு அடித்துச் சிங்கள எழுத்தை மீண்டும் எழுதுவித்தார். நான் வளர்ந்து அரசியல் பேசத் தொடங்கிய காலத்தில், அவரது பணிவை ஒருமுறை முகத்துக்கு நேரே கேலி செய்திருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை.

தகரவேலைக்காரர் தண்ணீர் விட்டு அரத்தாளால் தகட்டைத் தேய்த்தார். மேல் எழுத்து போயிற்று. கறுப்பு போயிற்று. அதன் கீழே, தாரின் மீது, வெள்ளையில் ஒரு தமிழ் ஸ்ரீ எழுந்து வந்தது. வால் மேலே சுழன்று சிறு கொக்கியாக முடிந்திருந்தது. கடித உறைகளில் 'ஸ்ரீமான்' என்று எழுதும்போது அப்பா இடும் கொக்கி அது. பள்ளிக்கூடக் கரும்பலகையிலும் அதே கொக்கியைக் கண்டிருக்கிறேன். சந்தியில் எந்தப் பெடியனும் மறிக்கவில்லை.

"இன்னும் தேய்க்கவா ஐயா?" என்றார் அவர்.

வேண்டாம் என்றேன்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், ஆயிரக்கணக்கானோர் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் அங்கிருந்து 158 பேரைக் கொண்டுசென்றது. அவர்கள் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டில்தான் எங்கள் காரும் நின்றது. அப்பா அதன்பின் அதிகம் பேசியதில்லை. சில ஆண்டுகளில் காலமானார். கொழும்பில் செய்தி எழுதிக்கொண்டிருந்த நான், எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

கார் இப்போது ஓடுகிறது. சட்டப்படி புதிய தகடு செய்து, பதிவேட்டில் உள்ளவாறே சிங்கள ஸ்ரீயுடன் இலக்கத்தை எழுதுவித்தேன். பழைய தகட்டுக்கு எண்ணெய் பூசி அலுமாரியில், அப்பாவின் கடிதங்களோடு வைத்திருக்கிறேன்.